மூச்சு முட்டும்போது இரத்தம் சொல்வது

பீடியும் சிகரெட்டும் புகைத்தவர்களையும், புகையிலையை ஒருநாளும் தொடாமல் விறகடுப்பின் முன் முப்பது நாற்பது வருஷம் உட்கார்ந்து ஊதி ஊதிச் சமைத்த பெண்களையும் பேதமின்றிப் பற்றுகிற ஒரு வியாதியை, இழுப்பு என்றும் இரைப்பு என்றும் நம் ஜனங்கள் சொல்லிவருகிறார்கள். வைத்தியர்கள் அதை நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் இந்த நோயால் மாண்டவர்கள் சுமார் 35 லட்சம் பேர். இதற்கு ஆளானவர்களின் ஜீவனம் பெரும்பாலும் ஒருவிதமான சமநிலையிலே நடந்துவருகிறது: மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், பனிக்காலத்தில் சளி கட்டும், இன்ஹேலரை இழுத்தால் சற்றுத் தணியும். ஆனால் ஒரு மார்கழிப் பனியிலோ, ஊரெங்கும் பரவுகிற ஜலதோஷத்திலோ அந்தச் சமநிலை குலைந்து, தொடங்கிய வாக்கியத்தை முடிக்க மூச்சில்லாமல், உதடு நீலம் பாரித்த நிலையில், அவர்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாகிறது.

சேர்த்த அரை மணிக்குள் இரத்தம் எடுத்துவிடுவார்கள். பிறகு வாசலில் காத்திருக்கும் மகனும் மகளும் கேட்பதெல்லாம் எண்களைப் பற்றித்தான். சி.ஆர்.பி. எவ்வளவு, கார்பன் இறங்கியதா, ஈஸ்னோபில் ஏன் சைபர் என்று போட்டிருக்கிறது என்று, ஒவ்வோர் எண்ணிலும் உயிரை வைத்துக்கொண்டு அவர்கள் விசாரிக்கிறார்கள். அந்த எண்கள் எவ்விதம் பிறந்தன, எதைத் தெரிவிக்க வல்லவை, எந்த இடத்தில் தேர்ந்த வைத்தியரையும் வழி தவறச் செய்யக்கூடியவை என்பதைச் சாதாரண வாசகரும் அறிந்திருப்பது அவசியம் என்று கருதுகிறேன். ஏனெனில் இந்த வியாதியில் ஓர் எண் தனியே நின்று சொல்லும் செய்தி மிகவும் சொற்பம். எந்த உடம்பிலிருந்து, எந்த வேளையில், எந்த மருந்து கொடுத்த பிறகு அது எடுக்கப்பட்டது என்ற விவரங்களோடு சேர்ந்துதான் அதற்கு அர்த்தம் உண்டாகிறது.

இரத்தத்தை நாட வேண்டிய நிர்ப்பந்தம் எதனால் வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். மூச்சுத்திணறி வரும் இந்த நோயாளியின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் கேட்பது ஏறக்குறைய எப்போதும் ஒரே சீழ்க்கைச் சத்தம்தான். பாக்டீரியாவால் திணறினாலும், வைரஸால் திணறினாலும், இருதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் தேங்கினாலும், காலிலே உறைந்த இரத்தக்கட்டி ஒன்று நுரையீரல் நாளத்தில் வந்து அடைத்துக்கொண்டாலும், வெளியே தெரியும் லக்ஷணங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. நோயாளியோ தன் கஷ்டத்தை விவரித்துச் சொல்லும் நிலையில் இல்லை. காரணம் ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றில் பயன்படாமல் போவதோடு தீங்காகவும் முடியும்.

முதலாவதாகவும் மிக அவசரமாகவும் எடுக்கப்படுவது தமனி இரத்தம். வழக்கமாக ஊசி போடும் சிரையை விட்டு, மணிக்கட்டில் நாடி பார்க்கும் இடத்துத் தமனியைத் தேடி ஊசியைச் செலுத்துவார்கள். சற்று அதிகமாகவே வலிக்கும். அந்த இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு, கரியமில வாயு எவ்வளவு, இரத்தம் அமிலத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறதா காரத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பவை சில நிமிஷங்களில் தெரிந்துவிடும். ஆரோக்கியமான மனிதரிடம் கரியமில வாயுவின் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசமும், அமில நிலையைக் குறிக்கும் பி.எச். 7.35 முதல் 7.45 வரையிலும் இருக்கும். இப்போது இரண்டு நோயாளிகளை எண்ணிப் பாருங்கள். இருவருக்கும் கரியமில வாயு 60 என்றே வருகிறது. ஆனால் ஒருவருடைய பி.எச். 7.36, மற்றவருடையது 7.22. முன்னவரின் நுரையீரல் மாதக்கணக்காகவே வாயுவை முழுவதும் வெளியேற்ற இயலாதிருந்தபடியால், அவருடைய சிறுநீரகங்கள் பொறுமையாகப் பைகார்பனேட் என்ற காரப்பொருளைச் சேமித்து அமிலத்தைச் சமன் செய்துவிட்டன. 60 என்பது அவருக்குப் பழகிய நிலை. பின்னவருக்கோ அந்த வாயு சில மணி நேரத்தில் ஏறியது. சிறுநீரகங்கள் ஈடு செய்வதற்குச் சில நாட்கள் வேண்டும், அந்த அவகாசம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரே 60 முன்னவருக்குச் சாதாரணம், பின்னவருக்குப் பிராணாபத்து.

இந்தப் பேதத்தை வைத்திய உலகம் எவ்வளவு விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது என்பதற்கு, 1952ஆம் ஆண்டில் டென்மார்க் தேசத்தின் தலைநகரான கோபன்ஹேகனில் பரவிய இளம்பிள்ளைவாதமே அத்தாட்சி. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலிழந்து வந்த முதல் 31 நோயாளிகளில் 27 பேர் மூன்று வாரத்துக்குள் மாண்டார்கள். அவர்கள் இரத்தத்தில் மொத்தக் கரியமில வாயு மிகுந்திருப்பதைப் பரிசோதனைச்சாலை கண்டிருந்தது. ஆனால் அதைக் காரம் மிகுந்ததன் அடையாளம் என்றும், வைரஸின் விளைவாக நேர்ந்த விநோதம் என்றும் பொருள் கொண்டுவிட்டார்கள். பியான் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர் அழைக்கப்பட்டு வந்து, இது காரமன்று, மூச்சு போதாமையால் வெளியேறாமல் தேங்கிய வாயுவே என்று வாதித்தார். ஆகஸ்டு 27ஆம் தேதி 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டைக் குழாயில் துளையிட்டு, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிச் சுவாசம் கொடுத்துத் தம் கட்சியை அவர் நிரூபித்தார். அதன் பின் ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர்கள் மாதக்கணக்கில் முறை வைத்து, இரவும் பகலும் நோயாளிகளின் பக்கத்தில் அமர்ந்து, கையால் பையை அமுக்கிக்கொண்டே இருந்து உயிர் காத்தார்கள். மனித குலத்தின் கருணைக்கு இதைவிடப் பெரிய சாசனம் வைத்திய சரித்திரத்தில் அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த மருத்துவமனையின் பரிசோதனைச்சாலைத் தலைவரான பௌல் ஆஸ்ட்ரூப், இரத்தத்தின் அமில நிலையை எளிதாக அளக்கும் முறையைப் பின்னர் வகுத்தார். இப்சன் 1953ஆம் ஆண்டின் இறுதியில் அதே நகரத்தின் மற்றொரு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு ஒன்றைத் திறந்தார். எண் அன்றும் சரியாகவே இருந்தது. அதை வாசித்த முறைதான் பிசகியிருந்தது.

இன்று பி.எச். 7.35-க்குக் கீழே இறங்கி, கரியமில வாயு 45-க்கு மேல் ஏறினால், தொண்டையில் குழாய் போடாமல் முகத்தில் இறுக்கிக் கட்டும் முகமூடி வழியாகச் சுவாசம் கொடுக்கும் பைபாப் கருவியை வைக்கிறார்கள். 1995ஆம் ஆண்டில் லோரான் ப்ரோஷார் என்ற பிரெஞ்சு வைத்தியரின் குழுவினர் 85 நோயாளிகளிடம் செய்த பரிசோதனையில், இம்முறையால் குழாய் போட வேண்டியவர்கள் 74 சதவிகிதத்திலிருந்து 26 சதவிகிதமாகவும், மரணம் 29 சதவிகிதத்திலிருந்து 9 சதவிகிதமாகவும் குறைந்தன. ஓரிரு மணி நேரம் கழித்து மறுபடியும் மணிக்கட்டில் ஊசி போடுகிறார்களே என்று வீட்டார் மனம் நோக வேண்டியதில்லை. முதல் அளவைவிட இரண்டாவது அளவு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதைக் கொண்டே முகமூடி போதுமா, வெண்டிலேட்டர் வேண்டுமா என்று அவர்கள் நிச்சயிக்கிறார்கள்.

அடுத்த கேள்வி, இந்தத் திணறலுக்குக் காரணம் பாக்டீரியாவா என்பது. 1930ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியாக் காய்ச்சல் கண்டவர்களின் இரத்தத்தில் அக்கிருமியின் ஒரு பொருளோடு வினை புரிகிற புரதம் ஒன்றைக் கண்டார்கள், அதுவே சி.ஆர்.பி. உடம்பில் எங்கே அழற்சி நேர்ந்தாலும் கல்லீரல் சில மணி நேரத்துக்குள் இதைச் சுரக்கத் தொடங்குகிறது. ஏறக்குறைய இரண்டு நாளில் அது உச்சத்தை அடைகிறது. ஊரில் திருடன் புகுந்தாலும் வைக்கோற்போர் பற்றிக்கொண்டாலும் ஒரே மாதிரியாக முழங்குகிற பறையைப் போன்றது இது. ஆபத்து உண்டு என்று அறிவிக்குமே தவிர, இன்ன ஆபத்து என்று பிரித்துச் சொல்லாது. ஆயினும் முழங்காமல் இருப்பதும் ஒரு செய்திதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 653 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்து சி.ஆர்.பி. பார்த்து முடிவு செய்தபோது, ஆன்டிபயாடிக் உட்கொண்டவர்கள் 77 சதவிகிதத்திலிருந்து 57 சதவிகிதமாகக் குறைந்தார்கள். அதனால் நோயாளிகளுக்குத் தீங்கு நேரவில்லை. ஆனால் இவர்கள் நடந்து கிளினிக்குக்கு வந்தவர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சி.ஆர்.பி.யைவிடப் பகுத்தறியும் சக்தி வாய்ந்தது என்று எல்லோரும் நம்பியது புரோகால்சிட்டோனின். தைராய்டு சுரப்பியில் கால்சிட்டோனின் என்ற ஹார்மோனாக மாறுவதற்கு முந்திய பொருள் இது. பாக்டீரியா இரத்தத்தில் பரவும்போது தைராய்டு மட்டுமல்லாமல் உடம்பின் பல திசுக்களும் இதை உற்பத்தி செய்து கொட்டுகின்றன. வைரஸ் தாக்கும்போது உண்டாகும் இன்டர்ஃபெரான் இதை அடக்கிவைக்கிறது. கடுமையான தொற்று கண்ட குழந்தைகளிடம் இது மிகுந்திருப்பதை 1993இல் பாரிஸ் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டபோது, பாக்டீரியாவையும் வைரஸையும் பிரித்துக்காட்டும் சாதனம் கிடைத்துவிட்டதாகவே உலகம் மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சி ஆதாரமற்றதன்று. சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரத்தில், நுரையீரல் அடைப்பு முற்றி மருத்துவமனையில் சேர்ந்த 208 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் புரோகால்சிட்டோனின் அளவு பார்த்தே ஆன்டிபயாடிக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, அம்மருந்து பெற்றவர்கள் 72 சதவிகிதத்திலிருந்து 40 சதவிகிதமாகக் குறைந்தும், குணம் அடைவதில் குறைவு நேரவில்லை.

இதே வியாதியின் இதே சோதனையைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்குள் கொண்டுசென்றபோது நடந்தது வேறு. பிரான்சில் 11 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 302 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், புரோகால்சிட்டோனினை நம்பி மருந்து தீர்மானித்த பிரிவில் மூன்று மாதத்துக்குள் 20 சதவிகிதத்தினரும், வைத்தியர் வழக்கப்படி தீர்மானித்த பிரிவில் 14 சதவிகிதத்தினரும் இறந்தார்கள். ஆராய்ச்சியில் சேரும்போது ஆன்டிபயாடிக் தொடங்காதிருந்த 119 பேரை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், பேதம் மனத்தை நடுங்கச் செய்கிறது: முன்னதில் 31 சதவிகிதம், பின்னதில் 12. இவ்வளவுக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்த நாட்களாவது குறைந்தனவா என்றால், இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஐந்து நாட்களே, மிச்சம் ஒன்றுமில்லை.

ஏன் இப்படி? இந்நோயாளிகளின் மூச்சுக்குழாய்ச் சுவரிலேயே தங்கிப் பெருகும் பாக்டீரியா இரத்தத்தில் கலக்காதிருக்கும்போது, புரோகால்சிட்டோனின் உயராமலே இருக்கக்கூடும். வார்டில் இருப்பவரிடம் ஒரு நாள் தாமதித்தால் நாளை திருத்திக்கொள்ளலாம், மூச்சின் கடைசி இழையில் நிற்பவரிடம் அந்த நாளை என்பது வராமலே போகலாம். இது என் அறிவுக்கு எட்டிய விளக்கம். ஆனால் முடிவில் எனக்குச் சந்தேகமில்லை: ஒரு சோதனை எந்த நோயாளிகளிடம் நம்பகமானது என்று மெய்ப்பிக்கப்பட்டதோ, அவர்களைவிட நோய் முற்றியவர்களிடம் அதை அப்படியே கொண்டுபோய்ப் பிரயோகிப்பது நியாயமாகாது. தீவிர சிகிச்சையில் இருக்கும் நம் வீட்டு நோயாளிக்குப் புரோகால்சிட்டோனின் குறைவாக வந்திருந்தும் வைத்தியர் ஆன்டிபயாடிக்கை நிறுத்தாதிருந்தால், அவர் அநாவசியமாக மருந்து கொடுக்கிறார் என்று அவசரப்பட்டு முடிவு கட்டலாகாது.

இனி ஈஸ்னோபில். தமிழ்நாட்டில் இருமல் வந்த குழந்தையை வைத்தியரிடம் அழைத்துப் போன எந்தத் தாய்க்கும் ஈஸ்னோபீலியா என்ற வார்த்தை பழக்கமானது. ஈஸ்னோபில் என்பது வெள்ளையணுக்களில் ஒருவகை. ஒவ்வாமையிலும் புழுத்தொற்றிலும் அது பெருகும். நுரையீரல் அடைப்பு முற்றும்போது இந்த அணு மிகுந்திருப்பவர்களுக்கு ஸ்டீராய்டு மருந்து நன்கு பயன்படுகிறது, குறைந்திருப்பவர்களுக்கு அவ்வளவு பயன்படுவதில்லை என்பது சென்ற பதினைந்து ஆண்டுகளில் தெளிந்துவந்த விஷயம். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எலும்பைத் தேய்க்கும், தசையைத் தளர்த்தும். ஆகையால் அதைக் குறைக்க முடிந்தால் அது பெரிய லாபம். டென்மார்க்கில் 318 பேரிடம் செய்து 2019இல் வெளியிட்ட பரிசோதனையில், முதல் நாள் எல்லோருக்கும் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டு, பின்வரும் நாட்களில் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஈஸ்னோபில் 300-க்குக் குறையாதிருந்த நாளில் மட்டும் கொடுத்தார்கள். வழக்கமான ஐந்து நாள் மருந்து நடுத்தரமாக இரண்டு நாளாகச் சுருங்கிற்று, நோயாளிகள் வீட்டில் நலமாயிருந்த நாட்கள் குறையவில்லை.

ஐரோப்பாவில் வகுத்த இந்த 300 என்ற எல்லையை நம் நாட்டில் அப்படியே போடுவதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளி க்ஷயரோக ஆஸ்பத்திரியில், ஃபிரிமொட் மொல்லரும் பார்ட்டனும், எக்ஸ்ரேயில் க்ஷயம் போலவே தோன்றி, ஆனால் க்ஷயமாக இல்லாமல், ஈஸ்னோபில் மட்டும் ஏராளமாக உயர்ந்திருக்கும் ஒரு நுரையீரல் நோயை 1940இல் வர்ணித்தார்கள். 1943இல் வைன்கார்டன் அதற்கு வெப்பமண்டல ஈஸ்னோபீலியா என்று பெயரிட்டார். யானைக்கால் நோயை உண்டாக்கும் அதே ஃபைலேரியாப் புழுவுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பே அது என்று பின்னால் விளங்கிற்று. வயலில் வெறுங்காலோடு உழைத்த ஒருவருக்கு அணு மிகுந்திருப்பது குடலிலுள்ள புழுவால் இருக்கலாம். அது ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற வகைப் புழுவாக இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால், அது உடம்பெங்கும் பரவி உயிருக்கே உலை வைக்கவும் கூடும். இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. உயிர்ப் போராட்டத்தின்போது உடம்பே சுரக்கும் கார்டிசாலினாலும், வழியில் போட்ட ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசியாலும் ஈஸ்னோபில் சில மணி நேரத்தில் மறைந்துபோகும். ஆகவே ஊசிக்கு முந்தி எடுத்த இரத்தத்துக்கும் பிந்தி எடுத்ததற்கும் ஒரே மதிப்புக் கொடுக்க முடியாது.

ஊசியின்றியே இந்த அணு 50-க்குக் கீழே போயிருப்பது துர்ச்சகுனமாகக் கருதப்படுகிறது. வட இங்கிலாந்தில் 920 நோயாளிகளை ஆராய்ந்து 2012இல் வகுத்த ஒரு மதிப்பீட்டு முறையில், மூச்சுத்திணறலின் கடுமை, எக்ஸ்ரேயில் தெரியும் நிமோனியா, ஒழுங்கற்ற இருதயத் துடிப்பு, பி.எச். 7.30-க்குக் கீழே இறங்குதல் ஆகியவற்றோடு இந்த அணுக்குறைவும் ஐந்தில் ஒன்றாக இடம்பெற்றது. எல்லா ஆஸ்பத்திரிகளிலும் சாதாரணமாகச் செய்கிற, விலை மலிந்த இரத்த அணு எண்ணிக்கையிலிருந்தே இது கிடைத்துவிடுகிறது என்பதை நான் விசேஷமாகப் பாராட்டுகிறேன். ஏழை நாடுகளுக்கு வேண்டியது இந்த மாதிரியான குறிகளே.

இருதயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இருதய அறை விரியும்போது வெளிப்படும் பி.என்.பி. என்ற பொருளும், இருதயத் தசை சேதப்படும்போது கசியும் டிரோபோனினும் இந்நோயாளிகளிடம் அடிக்கடி உயர்ந்து காணப்படுகின்றன. நியூசிலாந்தில் 2011இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இவை இரண்டும் உயர்ந்திருந்தவர்கள் ஒரு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு, இரண்டும் இயல்பாக இருந்தவர்களைப் போல் ஏறக்குறைய 15 மடங்கு இருந்தது. டிரோபோனின் உயர்ந்துவிட்டது என்ற மாத்திரத்தில் மாரடைப்பு என்று அலறக் கூடாது. பிராணவாயுக் குறைவால் தவிக்கும் இருதயமும் அதைக் கசியவிடும். ஆனால் நுரையீரலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த கண்களை இருதயத்தின் பக்கம் அது திருப்புகிறது. இரத்தக்கட்டியைத் துப்பறிய உதவும் டி-டைமர் குறைவாயிருந்தால், மற்ற அறிகுறிகளும் அதற்கு இசைந்திருக்கும்போது, கட்டி இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். உயர்ந்திருந்தாலோ, வயோதிகத்தாலும் உயரும், அழற்சியாலும் உயரும். லாக்டேட் என்ற அமிலம் உடம்புக்குப் பிராணவாயு எட்டாததைக் காட்டும் என்பது பொதுவிதி; ஆனால் நெபுலைசரில் மறுபடி மறுபடி வைக்கும் சால்பூட்டமால் மருந்தே அதை உயர்த்திவிடும் என்பது, நெருக்கடியில் மறந்துபோகிற உண்மை.

இவ்வளவையும் பார்க்கும்போது, வாசலில் காத்திருக்கும் வீட்டார் செய்யக்கூடிய உபகாரம் ஒன்று எனக்குப் புலனாகிறது. அதைச் செய்ய விஞ்ஞானப் படிப்பு வேண்டியதில்லை. நோயாளி ஒருமுறை பிழைத்து வீடு திரும்பும்போது, நல்ல நிலையில் அவருக்கு இருந்த கரியமில வாயு, பைகார்பனேட், ஈஸ்னோபில் அளவுகளை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கி, மாத்திரைப் பையோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை நடு இரவில் ஓடும்போது, அந்தக் காகிதத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முந்திய நாலைந்து நாளில் ஸ்டீராய்டு மாத்திரை ஏதும் விழுங்கினாரா, வழியில் எந்த ஆஸ்பத்திரியிலாவது ஊசி போட்டார்களா, ஆம்புலன்ஸில் பிராணவாயு எவ்வளவு நேரம் எந்த வேகத்தில் வைத்தார்கள், நெபுலைசர் எத்தனை முறை வைத்தார்கள் என்பதையும் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 2010இல் வெளியான ஆராய்ச்சியில், ஆம்புலன்ஸிலேயே பிராணவாயுவை அளவோடு, இரத்தச் செறிவு 88 முதல் 92 சதவிகிதத்துக்குள் நிற்கும்படி கொடுத்தபோது, இந்நோய் உறுதியானவர்களிடையே மரணம் 9 சதவிகிதத்திலிருந்து 2 சதவிகிதமாகக் குறைந்தது. ஆதலால் விரலில் மாட்டும் கருவியில் 90 என்று தெரிந்ததும், இன்னும் கொஞ்சம் கூட்டி வையுங்கள் என்று மன்றாடுவதை மட்டும் தவிர்த்துவிட வேண்டும்.